பழைய கேமிங் லேப்டாப்புக்கு இன்னும் காசு போடலாமா? அறிகுறி பார்த்து முடிவெடுக்க ஒரு வழி

"அண்ணே, எனக்க லேப்டாப்பு கெடந்து இழுக்கு. ராம் போடணுமா, இல்ல புதுசே வாங்கணுமா?"

குமரி மாவட்டம் தக்கலையில் என் வீட்டு முன்னறையில் ஒரு பழைய தையல் மேசை கிடக்கிறது. வேலை முடிந்து வந்தபின் அதன்மேல் வைத்துத்தான் அக்கம்பக்கத்துப் பையன்களின் லேப்டாப்புகளைத் திறப்பேன். வருபவை பெரும்பாலும் 2018 முதல் 2020 வரை வாங்கியவை. உள்ளே கிராபிக்ஸ் சிப் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 அல்லது 1650, மிஞ்சினால் 1660 டிஐ. கொண்டுவருகிற எல்லோரும் மேலே உள்ள கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எது பழுது, எது வயசு என்று முதலில் பிரிக்க வேண்டும். பழுதுக்குச் சில நூறு ரூபாயில் தீர்வு உண்டு. வயசுக்குத் தீர்வே கிடையாது, ஏனென்றால் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் போர்டோடு பற்றவைத்தவை. நாம் மாற்ற முடிகிறது ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்), பேட்டரி, ஃபேன், சார்ஜர், இவ்வளவுதான்.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள்.

அறிகுறி: ஆன் ஆகி நிலைக்கு வரவே ஐந்து நிமிடம்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் பகுதியைப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 100 சதவீதத்தில் நின்றால், பெரும்பாலும் விண்டோஸ் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டி போட்டால் தீர்ந்தது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, லேப்டாப் எவ்வளவு பழசானாலும் இந்தக் காசு வீணாகாது.

வாங்குமுன் உங்கள் மாடலின் எம்.2 ஸ்லாட் (குச்சி வடிவ எஸ்எஸ்டி சொருகும் இடம்) வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, பழைய சாட்டா வகை மட்டும்தானா என்று பாருங்கள். 2018 வாக்கில் வந்த சிலவற்றில் சாட்டா மட்டும்தான் ஏறும். எம்.2 ஸ்லாட்டே இல்லையென்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்எஸ்டி.

எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தும் இழுக்கிறதா? டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை வந்தால் வேறு எந்த வேலையும் வேண்டாம், முதலில் போட்டோக்களையும் புராஜெக்ட்டையும் வெளியே எடுங்கள். டிஸ்க் அடையாளமே தெரியவில்லை, உள்ளே முக்கியமான கோப்பு இருக்கிறது என்றால் அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) படுத்துவிடுகிறது

என் மேசைக்கு வருவதில் அதிகம் இதுதான். காரணம் சூடு. சூட்டை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு அரைமணி நேரம் விளையாடுங்கள். பிராசஸர் 95 டிகிரிக்கு மேல் போய், தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் 'யெஸ்' விழுந்திருந்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. கிராபிக்ஸ் சிப் 85-ஐத் தாண்டினாலும் அதே கதை.

*காசில்லாமல் முதலில்.* லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு பாட்டில் மூடிமேல் தூக்கிவையுங்கள். நாலைந்து டிகிரி இறங்கினால் அடியில் காற்று போக வழியில்லாமல்தான் இருந்திருக்கிறது. மெத்தைமேல் வைத்து விளையாடுகிறவர்களுக்கு இதற்கு மேல் வைத்தியம் கிடையாது. அடுத்து, கேமுக்குள் எஃப்பிஎஸ்ஸை 60-இல் கட்டிவையுங்கள். உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 110 ஓடி என்ன பயன்? பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச அளவை 100-இலிருந்து 99-ஆக்கினால் டர்போ (பிராசஸர் தானே ஏற்றிக்கொள்ளும் கூடுதல் வேகம்) நின்றுவிடும். சூடு சட்டென்று இறங்கும், பல கேம்களில் வித்தியாசமே தெரியாது.

*அடுத்து தூசி.* ஃபேன் இறக்கையில் இருப்பதைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு 'கிளீன் பண்ணியாச்சு' என்கிறார்கள். மூச்சை அடைப்பது அதுவல்ல. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே ஜமுக்காளத் துண்டு போல ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். ஆரல்வாய்மொழிப் பக்கத்து வீடுகளில் ஆனி, ஆடிக் காற்றுக்குப் பிறகு இந்தப் பட்டை ஒரே பருவத்தில் சேர்ந்துவிடுகிறது.

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருமுறை ஒன்று வந்தது. கீழ்மூடியைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன், மிளகுப்பொடி தூவியதுபோலக் கறுப்பு மணல். அந்தக் கரை மணலில் இல்மனைட் என்ற கறுப்புத் தாது உண்டு, வலுவான காந்தத்துக்கு இழுபடும். ஸ்பீக்கர் காந்தத்தைச் சுற்றி மீசை முளைத்தமாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. ஊதினால் போகவில்லை. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டித்தான் எடுத்தேன். கடற்கரையை ஒட்டி வீடு இருந்தால் பிளோயர் போதாது, டேப்பும் கையில் இருக்கட்டும்.

திறப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. ஒரு காகிதத்தில் லேப்டாப்பை வரைந்து, எங்கே கழற்றினோமோ அங்கேயே குத்திவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கி, கீபோர்டுப் பக்கம் முனை வெளியே எட்டிப்பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன் (என் சொந்த லேப்டாப்தான்). காற்றடிக்கும்போது ஃபேனை ஒரு பட்ஸ் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா பறக்கவிட்டால் பேரிங் கெடும்.

*அதற்கும் மசியவில்லை என்றால் பேஸ்ட்.* சிப்பின் சூட்டை அதன்மேல் உட்காரும் உலோக ஹீட்சிங்குக்குக் கடத்துவது இதுதான். நாலைந்து வருடத்தில் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் அருகே 1, 2, 3 என்று எண் இருக்கும். பூட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, ஆகவே பேஸ்ட் சிப்பின் நான்கு மூலையையும் மூட வேண்டும். பக்கத்தில் உள்ள ரப்பர் போன்ற பேடுகளைக் கிழிக்காமல் வையுங்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் வேறு போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது, முன்னைவிடச் சூடாகும்.

*ஃபேனே 'கர்ர்' என்கிறதா?* பேரிங் போய்விட்டது. எண்ணெய் விடுவது ஒரு மாதத்துக்குத் தாங்கும். ஃபேனில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து அதையே வாங்குங்கள். இரண்டு ஃபேன் உள்ளவற்றில் இடது வேறு, வலது வேறு.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: திறந்ததும் சிப்மேல் பேஸ்ட்டுக்குப் பதில் பாதரசம்போலப் பளபளவென்று இருந்தால் அது லிக்விட் மெட்டல். ஒரு சொட்டு போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகிவிடும். மூடிவைத்துவிட்டுப் பழகியவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: சூடு இல்லை, ஆனால் தொடக்கத்திலிருந்தே தடுக்கித் தடுக்கி ஓடுகிறது

டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொடுங்கள். விளையாடும்போது 8 ஜிபியில் 7.5 நிரம்பியிருந்தால் ராம் பற்றவில்லை. அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்றும் காட்டும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடலாம். கொள்ளளவு மட்டுமல்ல, இரண்டு சேனலும் (ராமுக்குத் தரவு போய்வரும் பாதைகள்) ஓடத் தொடங்கும். சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாவிட்டாலும் நடுநடுவே விழும் வெட்டு குறையும். வேகம் வேறான ராமைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும், அதனால் 3200 தேடி அலைய வேண்டாம், பழையது 2666 என்றால் அதுவே போதும்.

இங்கே என் கருத்து ஒன்று. 2025 கடைசியில் ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. பழைய டிடிஆர்4 ராமைப் புதிய லேப்டாப்புக்கு எடுத்துப்போகவும் முடியாது, அவை பெரும்பாலும் டிடிஆர்5, வெட்டுக்குறியே வேறு இடத்தில் இருக்கும். எஸ்எஸ்டியில் போட்ட காசு கூடவே வரும், ராமில் போட்டது இந்த உடம்போடு போகும். ஆகவே 16-க்கு மேல் போகாதீர்கள். யாரிடமாவது கழற்றிவைத்த 8 ஜிபி கிடைத்தால் அதுவே நல்லது.

ராம் நிரம்பவில்லை, கிராபிக்ஸ் மெமரி 4 ஜிபியும் நிரம்பி நிற்கிறதா? கேம் அமைப்பில் டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் பட நுணுக்கத்தை) ஒரு படி குறையுங்கள். கிராபிக்ஸ் மெமரியை விலைக்கு வாங்கிச் சேர்க்க வழியில்லை.

அறிகுறி: சார்ஜர் மாட்டியிருக்கிறது, ஆனால் ஆமைபோல ஓடுகிறது

பிராசஸரின் வேகத்தைப் பாருங்கள். என்ன செய்தாலும் 0.8 கிகாஹெர்ட்ஸ் பக்கமே நின்றால் இது வயசும் இல்லை, வைரஸும் இல்லை. லேப்டாப் தன் சார்ஜரை நம்பவில்லை. எத்தனை வாட் என்று தெரியாத சார்ஜரை மாட்டினால் சில மாடல்கள் பிராசஸரைத் தரையோடு அமுக்கிவைக்கும். முனையின் நடுவே மெல்லிய ஊசி உள்ள சார்ஜர் என்றால், அந்த ஊசி வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து வாட். பெட்டியோடு வந்தது பெரும்பாலும் 120 வாட்டோ அதற்கு மேலோ இருக்கும். அது தொலைந்து 65 வாட் 'யுனிவர்சல்' ஒன்று வாங்கி மாட்டியிருப்பார்கள். அதில் யூடியூப் ஓடும், கேம் ஓடாது.

மூன்றாவது காரணம் நம் ஊருக்கே உரியது. மார்த்தாண்டத்தில் என் சித்தி மகனுடைய லேப்டாப் விளையாடும்போது மூச்சுவிடுவதுபோல வேகம் ஏறும், இறங்கும். கொண்டுபோன கடையில் போர்டு போய்விட்டது என்றார்கள். அவன் அதற்குமுன் ராமும் வாங்கிப் போட்டிருந்தான். போய்ப் பார்த்தேன். லேப்டாப் துபாயிலிருந்து அவன் மாமா கொண்டுவந்தது, பிளக்கில் பட்டையான மூன்று கால். நம் சுவர் சாக்கெட்டில் ஏறாது என்பதால் ஒரு கன்வர்ட்டர் குத்தியிருந்தது, அது தன் பாரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கையால் லேசாகத் தூக்கினேன், திரை வெளிச்சம் கூடியது. விட்டேன், குறைந்தது. கன்வர்ட்டரைக் கழற்றினால் உள்ளே பித்தளைத் தகடு கறுத்துப்போயிருந்தது.

"இதுக்கா லே நீ ராம் வாங்குன?" என்றேன். அவன் கன்வர்ட்டரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தான்.

சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை. அடாப்டர் பெட்டியில் சொருகும் கம்பி தனியாக வரும். நம் ஊர் உருண்டைக் கால் உள்ள, எர்த் பின்னோடு கூடிய கம்பி எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். கல்ஃப் சாமான் உள்ள வீடுகளில் இதை முதலில் பாருங்கள். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும்வரை மின்சாரத்தைப் பற்றிக் கவலையில்லை.

சார்ஜரும் கம்பியும் சரி, இன்னும் 0.8-தான் என்றால் சார்ஜிங் ஜாக்கோ போர்டில் அடையாளம் காணும் பகுதியோ போயிருக்கலாம். ஜாக் மாற்றுவது சின்ன வேலை. போர்டு வேலைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அடுத்து வரும் கணக்கையும் படித்துவிட்டுச் சம்மதியுங்கள்.

அறிகுறி: சார்ஜரை உருவினால் அணைகிறது, அல்லது டச்பேட் மேலெழும்பி நிற்கிறது

இரண்டும் பேட்டரி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அணைவது மட்டும்தான் என்றால் அவசரமில்லை. கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒட்டி அடியுங்கள். ஓர் அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டியில் பாதிகூட ஃபுல் சார்ஜில் இல்லையென்றால் பேட்டரி முடிந்தது. எப்போதும் சார்ஜரில் வைத்தே விளையாடுகிறவர் இதை மாற்றாமலேயே காலம் தள்ளலாம். கரண்ட் போனால் சேமிக்காத ஆட்டம் போகும், அவ்வளவுதான்.

டச்பேட் எழும்பியிருந்தாலோ, மூடினால் நடுவில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது. இதில் 'பிறகு பார்ப்போம்' கிடையாது. சார்ஜரை எடுங்கள், அணையுங்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றெடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கழற்றியதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவரிடம் சேர்ப்பியுங்கள்.

அறிகுறி: கேமே திறக்க மறுக்கிறது

என்ன சொல்லி மறுக்கிறது என்பதில்தான் விஷயம்.

*செக்யூர் பூட், டிபிஎம் என்று கேட்டால்* செலவு பூஜ்யம். இரண்டும் லேப்டாப்பிலேயே உள்ள பாதுகாப்பு வசதிகள். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் இரண்டையும் கேட்கும், பேட்டில்ஃபீல்ட் 6 செக்யூர் பூட் கேட்கும். பயாஸில் (விண்டோஸ் எழும்புமுன் வரும் அமைப்புத் திரை) போய் இரண்டையும் ஆன் செய்தால் போதும். போகுமுன் இரண்டு காரியம்: பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆனில் இருந்தால் மீட்புச் சாவியை எழுதிவையுங்கள், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறதா என்று டிஸ்க் மேனேஜ்மென்டில் பாருங்கள். எம்பிஆர் என்றால் புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றிவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் எழும்பாது.

*ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) கார்டு வேண்டும் என்றால்* அது வயசு. டூம்: த டார்க் ஏஜஸ், இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள் போன்றவை அந்த வன்பொருள் இல்லாமல் ஓடாது. ஜிடிஎக்ஸ் வரிசையில் 1660 டிஐ ஆனாலும் அது கிடையாது. எதைப் போட்டும் வராது.

*டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) பழசு என்றால்* கார்டைப் பாருங்கள். 1050, 1060 போன்ற 10 வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 1650-க்கும் 1660-க்கும் அந்தத் தேதி பொருந்தாது.

*விண்டோஸ்.* விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்தவர்களுக்குப் பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. இன்டெல் எட்டாம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 முறையாக ஏறும். ஏழாம் தலைமுறை ஐ5-7300ஹெச்க்யூ வைத்திருப்பவர்களுக்கு ஏறாது. அந்த லேப்டாப்பில் ராமுக்குக் காசு போடாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அறிகுறி: திரையில் கோடு, பச்சைப் புள்ளி, கட்டம்

ஹெச்டிஎம்ஐ கம்பியால் வீட்டு டிவியில் இணையுங்கள். டிவியில் சுத்தமாக இருந்தால் திரையோ அதன் கேபிளோதான். மூடியை மெல்ல ஆட்டும்போது கோடு வந்து போனால் கேபிள், பெரும்பாலும் கீல் பக்கத்தில் நசுங்கியிருக்கும். இது கடை வேலை, ஆனால் செய்யத் தகுந்த வேலை.

டிவியிலும் அதே புள்ளிகள் வந்தால், டிரைவரை ஒருமுறை முழுக்க நீக்கி மீண்டும் போட்டுப் பாருங்கள். அதன்பிறகும் இருந்தால் கிராபிக்ஸ் சிப்போ அதன் மெமரியோ போகிறது. ஹீட்கன் காட்டிச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், சில வாரத்தில் திரும்ப வரும். இந்த இடத்தில் செலவை நிறுத்துங்கள்.

அறிகுறி: மழைக்காலத்தில் மட்டும் ஆன் ஆகமாட்டேன் என்கிறது

ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை, இரண்டும் நமக்கு உண்டு. கரையோர வீடு என்றால் உப்புக்காற்றும் சேரும். யூஎஸ்பி துளைக்குள் டார்ச் அடியுங்கள், தகடு பழுப்பேறியிருந்தால் உள்ளே போர்டிலும் அந்தக் கைவரிசை இருக்கும். சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப்பிடித்து விட்டு, மறுபடி மாட்டிப் பாருங்கள். இந்த ஒரு வேலையிலேயே பல எழுந்துவிடும். எழாவிட்டால் போர்டைச் சுத்தம் செய்யும் வசதி உள்ள சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பது வேண்டாம், தவிடு உள்ளே போகும். ஐப்பசி இடிக்கு வானம் இருட்டும்போதே பிளக்கை உருவிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தாயிற்று, இன்னும் எஃப்பிஎஸ் போதவில்லை

இப்போதுதான் அந்த முதல் கேள்வி. சூடு 80-க்குள், ராம் 16, எஸ்எஸ்டி உண்டு, சார்ஜர் சரி, அப்படியும் நீங்கள் விளையாட நினைக்கும் கேம் மிகக் குறைந்த அமைப்பில் 40-ஐத் தாண்டவில்லை என்றால் அது வயசுதான்.

நான் போடும் கணக்கு எளிது. பேஸ்ட், எஸ்எஸ்டி, ராம், பேட்டரி எல்லாம் சேர்த்து, ஒரு சாதாரணப் புதுக் கேமிங் லேப்டாப் விலையில் நாலில் ஒரு பங்குக்குள் அடங்கினால் செய்யலாம். போர்டு வேலை ஒன்று அந்தப் பட்டியலில் நுழைந்துவிட்டால் வேண்டாம். விளையாடுவது வேலரண்டும் ஜிடிஏ 5-உம் மட்டும்தான் என்றால் 1650 இன்னும் தாங்கும், அண்ணன் தம்பி பேச்சைக் கேட்டு அவசரப்படாதீர்கள்.

புதுசு வாங்குவது என்று முடிவானால், கல்ஃபிலிருந்து வரவழைக்குமுன் அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று சீரியல் நம்பரோடு கேட்டுக்கொள்ளுங்கள். செல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் திருவனந்தபுரம் சர்வீஸ் சென்டர்வரை போய், வெறுங்கையோடு திரும்பிய மாமாக்களை எனக்குத் தெரியும். பழையதை விற்குமுன் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் நீங்கள் எடுத்து எறிந்த அந்த ஹார்ட் டிஸ்கை முழுக்க அழித்துவிட்டு அதைப் போட்டுக் கொடுத்தால் போதும். ராமை அதிலேயே விடுங்கள், வாங்குகிறவன் ஐந்நூறு கூடத் தருவான்.